சக்காய் துறைமுகமும் அண்ணாவின் இரண்டு கசெற்றுகளும்

முப்பத்தோராம் நாள் கிரியையின் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்த நினைவு மலரை வாங்கி, முதற் பக்கத்துப் படத்தைப் பார்த்து, "நல்ல மனிசன்" என்று சொல்லிப் பைக்குள் வைக்கப்போகும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அண்ணாவின் ஒரே தங்கை வணக்கத்துடன் எழுதுவது. தயவுசெய்து இதை முழுவதும் வாசியுங்கள். எதையும் பாதியில் நிறுத்தக்கூடாது என்பதுதான் அண்ணா தம் வாழ்நாளில் கூடுதலாகச் சொன்ன சொல்.

எங்கள் ஆட்கள் நினைவு மலர் அடிக்கும்போது பின்பக்கங்களில் சனத்துக்குப் பயன்படும் எதையாவது சேர்ப்பது வழக்கம். சிலர் சாமிப் பாட்டுப் போடுவார்கள், சிலர் கைமருந்து போடுவார்கள், பலர் தங்கள் ஊரின் வரலாற்றைப் போடுவார்கள். இந்த மலரின் பின்பாதியில் இருப்பதும் ஓர் ஊரின் வரலாறுதான். ஆனால் அது எங்கள் ஊர் இல்லை. சக்காய் என்னும் யப்பானியத் துறைமுக நகரம் எப்படி உண்டாகி, எப்படிச் செழித்து, எப்படி அழிந்து, எப்படி மீண்டது என்பதை அண்ணா பதினெட்டுக் கொப்பிகளில் எழுதி வைத்திருந்தார். தம்முடைய மலரில் அது வரவேண்டும் என்று கேட்டிருந்தார். இந்தச் செய்தி எப்படியோ பரவி, இங்கே நோர்வேயின் பேர்கன் நகரில் இருந்து சித்தப்பா தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, எங்கடை ஊர் வரலாறைப் போடாமல் ஆரோ ஆக்களின்ரை ஊரைப் போடுறியளாம். சனம் சிரிக்காதோ?"

"சிரிக்கட்டும் சித்தப்பா. அண்ணா கேட்டது இதைத்தான்."

"அந்த யப்பான் கதையாலைதானே எங்கடை அண்ணையைத் துலைச்சனாங்கள்" என்றார் சித்தப்பா.

அவர் அண்ணை என்று சொன்னது எங்கள் அப்பாவை. அவர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. அண்ணா தூரத்தில் இருந்து சொன்ன புத்தியைக் கேட்டு அப்பா ஊரில் நின்றார், நின்றதால் குண்டுக்குப் பலியானார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அறிந்த கதை. முப்பது வருடத்துக்கு மேலாக அதை மாறி மாறிச் சொல்லி வந்திருக்கிறோம். அண்ணாவும் அதையே நம்பிக் கண்ணை மூடினார். அந்தக் கதை உண்மையா என்பது மட்டுமே இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியம். மற்றதெல்லாம், அவர் எங்கே பிறந்தார், எங்கே வேலை செய்தார் என்பதெல்லாம், உங்களுக்குத் தெரிந்ததுதான். என்றாலும் முறைப்படி சொல்கிறேன்.

அண்ணா இலங்கையின் வடகரையில் ஒரு சிறிய துறைமுகப் பட்டினத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஆறு வருடம் கழித்து நான். அப்பாவின் கடை துறைக்கும் சந்தைக்கும் நடுவில் இருந்தது. கயிறு, வலை நூல், மண்ணெண்ணெய், பருப்பு, மா என்று தொழிலுக்கும் அடுப்புக்கும் வேண்டிய எல்லாம் அங்கே கிடைக்கும். அப்பா அதிகம் கதைக்க மாட்டார். கதைத்தால் மாற்ற மாட்டார். அண்ணா படிப்பில் கெட்டிக்காரர், கடையில் சுத்த மோசம். பருப்பு நிறுக்கச் சொன்னால் பருப்பு எந்தக் கப்பலில் வந்தது என்று விசாரிப்பார். "உவனைக் கடையிலை விட்டால் சாமானுக்குச் சாதகம் எழுதிக் கொண்டிருப்பான்" என்று அப்பாவே சிரிப்பார்.

ஊர் நிலைமை மோசமாகத் தொடங்கியபோது, ஒரு வருடப் படிப்பு என்று சொல்லி நோர்வேக்கு வந்த எங்கள் பெடியளோடு அண்ணாவும் வந்தார். படிப்பு முடிந்தது. திரும்பிப் போக வழி இல்லை. வடக்கே கடலோர மீன் ஆலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் குளிரைப் பற்றி அவர் முறையிட்டதை நான் கேட்டதில்லை. ஆனால் இடது கையின் இரண்டு விரல்களுக்கு உணர்வு திரும்பவே இல்லை. கொதிக்கக் கொதிக்க உள்ள தேத்தண்ணிக் கோப்பையை அந்த விரல்களால் பிடித்துக்கொண்டு ஆறுதலாகக் கதைப்பார். பார்க்கிற எங்களுக்குத்தான் சுடும்.

அந்த ஆலையில் சினை வைத்த சிறு மீனைப் பிடித்து யப்பானுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் மீனின் தரம் பார்க்க ஒரு யப்பானிய முதியவர் வந்து தங்குவார். சாப்பாட்டு அறையில் எல்லோரும் பாண் துண்டில் எதையாவது பூசிச் சாப்பிட, சோற்றுப் பெட்டியைத் திறப்பவர்கள் இரண்டே பேர், அவரும் அண்ணாவும். அப்படித்தான் பழக்கம் வந்தது. ஒரு பருவம் முடிந்து போகும்போது அவர் தம் பிறந்த ஊரைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை அண்ணாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். தடித்த புத்தகம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேலை இல்லாத நேரங்களில் நாளுக்கு இரண்டு பக்கம், மூன்று பக்கம் என்று அண்ணா வாசித்தார்.

அந்த நாட்களில் ஊருக்குத் தொலைபேசி இல்லை, தபாலும் ஒழுங்கில்லை. கொழும்புக்குப் போகிற யாராவது கையோடு கொண்டுபோக வேண்டும். அங்கிருந்து இன்னொருவர் கடல்நீரேரி தாண்டிக் கொண்டுவர வேண்டும். கடிதத்தைவிடக் கசெற்றில் பேசி அனுப்புவதுதான் அண்ணாவுக்கு விருப்பம். ஊரில் கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டி, சனம் கரையை விட்டு உட்பக்க ஊர்களுக்கு நகரத் தொடங்கியிருந்தது. என்ன செய்கிறது என்று அப்பா கேட்டு எழுதியிருந்தார். பதில் அனுப்ப வேண்டும். அந்த நேரம் பார்த்து, "நாளைக்கு ஒராள் போகுது, ஏதும் குடுத்து விடுறதெண்டால் இண்டைக்கே குடு" என்று செய்தி வந்தது. எங்கள் எல்லோருக்கும் நடந்ததுதான் இது. யோசித்து எழுத நேரம் இருக்காது, ஆள் போகிற நாளுக்குள் சொல்லவேண்டியதைச் சொல்லி முடிக்க வேண்டும். அண்ணா அப்போது புத்தகத்தில் பாதிதான் வாசித்திருந்தார்.

அந்த முதற் கசெற் எனக்குச் சொல்லுக்குச் சொல் பாடம். "அப்பா, அவசரப்பட்டுக் கடையைப் பூட்டாதேங்கோ. யப்பானிலை சக்காய் எண்டு ஒரு ஊர். எங்கடை மாதிரித் துறையும் சந்தையும் உள்ள ஊர். சுத்திவர நூறு வரியம் சண்டை. ஆனா அந்த ஊரிலை ஒருத்தரும் கை வைக்கேல்லை. ஏனெண்டால் எல்லாப் பக்கத்துக்கும் அந்தச் சந்தை வேணும். சந்தை இருக்கிற ஊரை ஆரும் எரிக்க மாட்டாங்கள் அப்பா."

அதற்குப் பிறகு அவர் ஊரின் கதையைச் சொன்னார். மூன்று மாகாணங்கள் முட்டுகிற இடத்தில் இருந்ததால் எல்லை என்ற பொருளில் சக்காய் என்று பெயர் வந்ததாம். முதலில் உப்பும் மீனும் விற்ற வெறும் கரை. பிறகு சீனத்துக்குக் கப்பல் போய்வரப் பட்டும் மருந்தும் வந்து இறங்கும் துறையானது. தலைநகரில் பிரபுக்கள் அடிபட்டு வீடு வாசலைச் சாம்பலாக்கிய காலத்தில் இந்த ஊர் கொழுத்தது. ஊருக்கு அரசன் இல்லை. பெரிய வியாபாரிகள் கூடியிருந்து நீதி சொன்னார்கள், காவலுக்கு வீரர் வைத்தார்கள். மேற்கே கடல், மற்ற மூன்று பக்கமும் அகழி. வெளியில் ஒருவரை ஒருவர் வெட்டுகிறவர்கள் ஊருக்குள் வந்தால் பகையை வாசலில் விட்டுவிட்டு ஒரே தெருவில் சாமான் வாங்குவார்களாம். யப்பானுக்குத் துவக்கு என்ற துப்பாக்கி வந்த புதிதில் அதைச் செய்து விற்ற ஊர்களில் இதுவும் ஒன்று. இந்தப் பக்கமும் வாங்கியது, அந்தப் பக்கமும் வாங்கியது. பணம் சேர்ந்த வியாபாரிகள் சிறிய குடிலில் இருந்து மெதுவாகத் தேநீர் குடிக்கும் கலையை வளர்த்தார்கள். அது இன்றைக்கும் பெரிய புகழ்.

அப்பாவுக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துவிட்டது. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினார். "என்ரை மகன் சொல்லுறான் கேளுங்கோ" என்பார். எங்கள் கடைக்கும் சண்டை பிடித்த இரண்டு பக்கமும் வந்துதான் சாமான் வாங்கியது. அப்பா இரண்டு பக்கத்துக்கும் ஒரே தராசுதான் பிடித்தார். அகழி மட்டும் இல்லை. அம்மா "ஊரை விட்டு வெளிக்கிடுவம், வெளிக்கிடுவம்" என்று அரித்தபோதெல்லாம் அந்தக் கசெற்தான் பதில்.

அந்தக் கசெற்றை அனுப்பி மூன்று மாதத்தில் அண்ணா புத்தகத்தின் மறுபாதியை வாசித்து முடித்தார். அதில் இருந்தது இது. ஒரு பெரிய தளபதி வந்து திறை கேட்டான். வியாபாரிகள் முறைத்துப் பார்த்துவிட்டுப் பணிந்தார்கள். அவனுக்குப் பின் வந்தவன் அகழியை நிரப்பச் செய்தான், பணக்கார வியாபாரிகளைத் தன் கோட்டை இருந்த ஒசாக்காவுக்கு இழுத்துக்கொண்டான். கடைசியில் இரண்டு பெரிய பக்கங்கள் நாட்டுக்காக மோதியபோது, மற்றப் பக்கத்துக்குச் சாமான் கொடுத்த ஊர் என்று சொல்லி ஒரு பக்கம் வந்து கொளுத்தியது. ஊர் முழுவதும் எரிந்தது. எல்லோருக்கும் விற்றதால் தப்பிய ஊர், எல்லோருக்கும் விற்றதற்காகவே எரிந்தது.

உடனே இரண்டாவது கசெற்றைப் பேசி, கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டார். "வெளிக்கிடுங்கோ" என்று சொல்லி அனுப்பியதாக எங்களுக்குப் பிறகு சொன்னார். ஆனால் அந்தக் கசெற் வழியில் எங்கோ தவறிப்போனது என்பதுதான் எங்கள் குடும்பத்தில் உள்ள கதை. ஊரில் கடைசியாகத் திறந்திருந்த இரண்டு மூன்று கடைகளில் எங்களுடையதும் ஒன்று. அம்மாவும் நானும் உட்பக்க ஊர் ஒன்றின் பள்ளிக்கூடத்துக்கு இடம்பெயர்ந்து போய்ப் பத்து நாள் இருக்கும். ஒரு பகல், சந்தை கூடியிருந்த நேரம், வானத்தில் இருந்து குண்டு விழுந்தது. கடையில் இருந்த மண்ணெண்ணெய் மிச்சத்தை முடித்தது. அப்பா என்று எங்களிடம் தரப்பட்டதை வைத்துக் கிரியை செய்தோம். அதற்கு மேல் அதைப்பற்றி எழுத என்னால் முடியாது.

சில வருடங்களில் அண்ணா அம்மாவையும் என்னையும் ஒஸ்லோவுக்கு எடுத்தார். அதற்குள் அவர் வடக்கை விட்டு வந்து, அந்த நகரத்து அம்மருட்டில் ஒரு மாடிக் குடியிருப்பில் அண்ணியோடு குடித்தனம் தொடங்கி, குளிர்பதனக் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். விமான நிலையத்தில் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார். பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது என்னைத் தனியாக ஒரு பக்கம் கூப்பிட்டார்.

"நான் ரண்டாவதா ஒரு கசெற் அனுப்பினனான். அது வந்து சேர்ந்ததோ?"

"இல்லை அண்ணா. வரேல்லை" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு வண்டியைத் தள்ளினார்.

அம்மா அண்ணாவின் வீட்டில் பதினொரு வருடம் இருந்தார். அண்ணாவும் அண்ணியும் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் யாராவது பார்க்க வந்தால் அம்மா மறக்காமல் சொல்வார். "உவன் யப்பான் கதை சொல்லித்தானே மனுசனை அங்கை நிப்பாட்டினவன்." அண்ணா அடுத்த அறையில் இருக்கிறார் என்பது அம்மாவுக்குத் தெரியும். அண்ணா எழுந்து போய், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவார். அம்மா சாகும்வரை அதை நிறுத்தவில்லை. அம்மாவின் வாய்க்குள் சோறு ஊட்டிய கையும் அண்ணாவின் கைதான்.

அண்ணாவைப் பற்றி உங்களில் பலருக்கு ஒரு மனக்குறை உண்டு என்பது எனக்குத் தெரியும். கலியாணப் பேச்சு, வீடு வாங்குவது, பிள்ளை எதைப் படிப்பது என்று எதற்கு யோசனை கேட்டாலும் "நான் புத்தி சொல்லுற ஆள் இல்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். பெருமை பிடித்தவர் என்று நினைத்தீர்கள். பந்தியில் கூப்பிட்டால் கடைசி வரிசையில் போய் இருப்பார். அதையும் பெருமை என்றீர்கள். புத்தகம் எடுத்தால் முதலில் கடைசி அத்தியாயத்தை வாசிப்பார். வீட்டில் படம் போட்டால் முடியும்வரை ஒருவரும் எழும்பக்கூடாது. அவருடைய மகள் சின்ன வயதில் ஒரு கதைப் புத்தகத்தைப் பாதியில் மூடியதற்கு அவர் சத்தம் போட்டதை நான் நேரில் பார்த்தேன். மிகவும் சாதுவான மனிதர். அன்றைக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது.

மிச்ச நேரமெல்லாம் சக்காய்தான். குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் கொப்பியை விரித்து வைத்து எழுதுவார். கூட்டங்களில் பெடியள் "அண்ணை, யப்பானிலை இப்ப என்ன நடக்குது?" என்று பகிடிக்குக் கேட்டால், பகிடி என்று விளங்காமல் பதில் சொல்வார். எரிந்த ஊரை நேர் தெருக்களாக வெட்டித் திரும்பக் கட்டினார்கள் என்பார். பிறகு வெள்ளத்துக்குப் பயந்து ஓர் ஆற்றைத் திருப்பிவிட, அது மண்ணைக் கொண்டுவந்து துறையில் கொட்டியது, கப்பல்கள் நெருங்க முடியாமல் போயின என்பார். வெளிநாட்டு வியாபாரம் முன்னரே நாகசாக்கிக்குப் போய்விட்டது. துவக்கு அடித்த கொல்லர்கள் கத்தி அடித்தார்கள், பின்னொரு காலத்தில் சைக்கிள் உறுப்புச் செய்தார்கள். உலக யுத்தத்தில் விமானங்கள் வந்து மறுபடி எரித்தன. மறுபடி கட்டினார்கள். கடலை நிரப்பித் தொழிற்சாலை வைத்தார்கள். "அவ்வளவுதான். ஊர் இருக்குது" என்று முடிப்பார்.

அவருடைய மகள் வேலைக்குப் போன முதல் வருடம், தன் அப்பாவைச் சக்காய்க்குக் கூட்டிப்போகிறேன் என்று நின்றாள். அண்ணா மறுத்துவிட்டார்.

"ஏனப்பா? உங்கடை ஊர் மாதிரித்தானே அது."

"அங்கை போனால் ஊர் நல்லா இருக்கும் பிள்ளை. சனம் சந்தையிலை மரக்கறி வாங்கிக் கொண்டு நிக்கும். எனக்கு அதைப் பார்க்கேலாது" என்றார்.

போன இலையுதிர் காலத்தில் நோய் தெரியவந்தது. அண்ணா சக்காயின் வரலாற்றைப் போலவே தம் நோயையும் முழுதாகக் கேட்டு அறிந்துகொண்டார். வைத்தியரிடம் கடைசியில் என்ன நடக்கும் என்பதையே முதலில் கேட்டார். நான் இருக்கும் ரொம்சோசில் இருந்து அம்மருட்டுக்கு ரயிலில் இரண்டே நிறுத்தம். நான் ஒவ்வொரு நாளும் போனேன். பிறகு வைத்தியசாலைக்கும் போனேன். அவர் போவதற்கு ஆறு நாளுக்கு முன், மத்தியானம், அண்ணி சாப்பிடப் போயிருந்தார். அறையில் நானும் அண்ணாவும் மட்டும்.

"தங்கச்சி, உன்னை ஒண்டு கேக்கட்டோ? முந்தியும் கேட்டனான்."

"கேளுங்கோ அண்ணா."

"அந்த ரண்டாவது கசெற். அது வந்து சேரவே இல்லையோ?"

"வரேல்லை அண்ணா."

"பிந்தித்தான் அனுப்பினனான். மூண்டு மாசம் பிந்தி. பாதியிலை வாய் திறந்திருக்கக் கூடாது" என்றார். பிறகு தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு நீண்ட வசனமாக எதுவும் பேசவில்லை.

தகனம் முடிந்து ஐந்தாம் நாள் அண்ணாவின் மகள் கொப்பிகளைத் தட்டச்சுச் செய்யத் தொடங்கினாள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பாள். இருந்தாலும் வேறு யாரையும் தொடவிடவில்லை. சக்காய் எரிந்த அத்தியாயத்துக்கு வந்தபோது என்னைக் கூப்பிட்டாள்.

"மாமி, இதிலை அப்பா ஒரு வரி எழுதியிருக்கிறார். ஹிஸ்தூரியோடை சம்பந்தமில்லாத வரி. வெட்டிவிடட்டோ? சொந்தக்காரர் பார்த்தால் திரும்பவும் பழைய கதையை எடுப்பினம்."

ஊர் எரிந்ததைச் சொல்லி முடித்த இடத்தில், கறுப்பு மையில், தனி வரியாக எழுதியிருந்தார்: "இந்த இடத்தை நான் பிந்தி வாசித்தேன்."

"வெட்டாதை" என்றேன். அவளுக்கு முன்னால் அழக்கூடாது என்று கக்கூசுக்குள் போய் இருந்து அழுதேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்துதான் இதை எழுதத் தொடங்கினேன்.

உறவினர்களே, இரண்டாவது கசெற் வந்தது.

அம்மாவோடு நான் இடம்பெயர்வதற்கு நாலு நாள் முந்தி வந்தது. சாரம் உடுத்திய, மெலிந்த ஒரு மனிதர், ஈரம் படாமல் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக் கொண்டுவந்து கடையில் கொடுத்தார். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அம்மா கிணற்றடியில் நின்றார். மின்சாரம் இல்லாத காலம். நாங்கள் பாட்டுக் கேட்பது சைக்கிளில்தான். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றினால் டைனமோ ஓடும், அந்தக் கரண்டில் கசெற் பெட்டி பாடும். கடையின் பின்பக்கத்தில் வைத்து நான் சுற்றினேன். அப்பா பெட்டியோடு காதை ஒட்டிவைத்துக் கேட்டார். என் கை தளர்ந்தால் அண்ணாவின் குரல் கிழவன் குரலாக இழுபடும். மறுபடி வேகமாகச் சுற்றுவேன்.

"அப்பா, நான் முந்தி அனுப்பினதைக் கேளாதேங்கோ. மிச்சத்தையும் வாசிச்சுப்போட்டன். அந்த ஊரையும் எரிச்சுப்போட்டாங்கள். கடையைப் பூட்டிப்போட்டு வெளிக்கிடுங்கோ. அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு இண்டைக்கே வெளிக்கிடுங்கோ அப்பா."

அண்ணா அழுதுகொண்டு பேசியிருந்தார். அப்பா "திருப்பிப் போடு" என்றார். இன்னொரு தரம் முழுவதும் கேட்டார்.

"அவன் சொல்லுறது சரி" என்றார். "நீயும் கொம்மாவும் போங்கோ. நான் வரேல்லை. இத்தனை வரியம் கல்லாவிலை இருந்த நான், எங்கையோ ஒரு பள்ளிக்கூட விறாந்தையிலை போய்க் குந்திக் கொண்டு சோத்துக்கு வரிசையிலை நிக்கிறதோ? இந்தக் கசெற் வந்ததெண்டு கொம்மாவுக்குச் சொல்லாதை. தெரிஞ்சால் மனுசி என்னை இழுத்துக்கொண்டு போயிடும்."

கசெற்றை மேசை இலாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். அது கடையோடு எரிந்தது. சாட்சி நான் ஒருத்திதான்.

சொன்னபடி அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மா அப்பாவை இழுத்துக்கொண்டுதான் வந்திருப்பார். அப்பா செத்த பிறகு எப்படிச் சொல்வது? "தெரிஞ்சும் ஏன் மறைச்சனி?" என்று அம்மா கேட்பார். அம்மா அண்ணாவைத் திட்டினார், நான் வாயை மூடிக்கொண்டேன். விமான நிலையத்தில் அண்ணா கேட்டபோது ஓம் என்று சொல்லியிருந்தால் அந்த ஓம் அம்மாவின் காதுக்குப் போகும். அதனால் இல்லை என்றேன். அம்மா போன பிறகாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் இவ்வளவு காலம் பொய் சொன்னவள் என்று அண்ணா என்னை நினைப்பாரே என்ற பயம் வந்துவிட்டது. கடைசியாக வைத்தியசாலையில் கேட்டபோது, சாகப்போகிற மனிதரின் மனதை ஏன் கலக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சுத்தச் சாட்டு. அண்ணா அப்பாவைக் கொன்றவர் இல்லை என்று சொன்னால் யார் மனம் கலங்கும்? எனக்கு என் பெயர் பெரிதாக இருந்தது. ஒரு சொல்லில் இறக்கிவைத்திருக்கக்கூடிய பாரத்தை அண்ணாவின் தலையில் இருந்து நான் இறக்கவில்லை. அதோடுதான் அவர் எரிந்தார்.

அண்ணாவைக் குறை சொன்ன எல்லோரும் இனி என்னைச் சொல்லுங்கள். சித்தப்பா, நீங்களும்தான். நான் தேத்தண்ணி ஊற்ற எழுந்து போக மாட்டேன்.

இனி, முறைப்படி நன்றி சொல்ல வேண்டும். நோய்க் காலத்தில் அண்ணாவுக்குக் கஞ்சியும் இரசமும் கொண்டுவந்த அம்மருட் அயலவர்களுக்கும், இரவு பகல் பாராமல் பார்த்த வைத்தியர்கள் தாதியருக்கும், பனிக்குள் பேர்கனில் இருந்து வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்த சித்தப்பாவுக்கும், கிரியைகளை நடத்தித் தந்த குருக்கள் ஐயாவுக்கும், மலர்வளையம் வைத்தவர்களுக்கும், மண்டபத்தில் சமைத்தவர்களுக்கும், தெரியாத தமிழைத் தட்டித் தட்டிப் பதினெட்டுக் கொப்பியையும் ஒரு வரி விடாமல் முடித்த அண்ணாவின் மகளுக்கும், முப்பது வருடம் அண்ணாவோடு இருந்து ஒரு நாளும் அவரைக் குற்றம் சொல்லாத அண்ணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தம் ஊரின் புத்தகத்தை ஒரு மீன் ஆலைத் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டுப் போன யப்பானிய முதியவருக்கும் நன்றி. அவர்மேல் ஒரு பிழையும் இல்லை. புத்தகத்தில் எல்லாம் இருந்தது.

எல்லோருக்கும் முதல் சொல்லியிருக்க வேண்டிய நன்றி ஒன்று கடைசியாக நிற்கிறது. உயிரைக் கையில் பிடித்துக் கடல்நீரேரி தாண்டி, நனையாமல் அந்தக் கசெற்றைக் கொண்டுவந்து சேர்த்த, பெயர் தெரியாத அந்த மனிதருக்கு. அவர் தவறவிட்டார் என்றுதான் இவ்வளவு காலமும் சொல்லி வந்தோம். ஐயா, நீங்கள் ஒன்றையும் தவறவிடவில்லை.

கசெற் வந்தது அண்ணா. அப்பா அதை இரண்டு தரம் கேட்டவர்.